ரப்பர் செங்கலுக்கு வயது பார்த்த ஜெயபாய்

தடிக்காரன்கோணம் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வெறுமனே "ஜெயபாய் வீடு எது?" என்று கேட்டால் அலைய வேண்டிவரும். அந்தப் பெயரில் நாலைந்து பேர் உண்டு. "ஷீட்டு பாக்குற ஜெயபாய்" என்று கேட்க வேண்டும். கேட்டால் டீக்கடைக்காரர் கையிலிருக்கும் டம்ளரைக் கீழே வைக்காமலே மோவாயால் திசை காட்டிவிடுவார்.

ஷீட் என்றால் ரப்பர் ஷீட். மரத்தில் வடித்த பாலை ஆசிட் விட்டு உறையவைத்து, உருளையில் கொடுத்து அமுக்கி, புகைப்புரை என்கிற ஜன்னலில்லாத அறையில் தொங்கவிட்டு நாலைந்து நாள் விறகுப் புகை காட்டினால் தேன் நிறத்தில் வரும். அதை விலைக்கு எடுக்கிற கோலப்பன் கடைக்குக் கொண்டுபோனால் முதலாளி கோலப்பன் வாய் திறக்க மாட்டார். திறப்பது ஜெயபாய். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். மோந்து பார்ப்பாள். ஓரத்தைப் பல்லில் வைத்து ஒரு கடி. "இது ஞாயித்துக்கிழம போட்ட ஷீட்டாக்கும். கோயிலுக்குப் போற அவசரத்துல பால அரிக்காம ஊத்தியிருக்கீரு" என்பாள். கொண்டுவந்தவர் தலையைச் சொறிவார். முப்பத்தாறு வருடத்தில் அவள் சொன்ன தரம் தப்பியதாக ஒருவர் வந்து நின்றதில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஷீட்டின் தரத்தைக் கொண்டுவந்தவர் முன்னால் வைத்துத்தான் பார்ப்பாள். "நீ பாத்து வை, அவரு டீ குடிச்சுட்டு வரட்டு" என்று கோலப்பனே சொன்னாலும் கேட்க மாட்டாள். டீ ஆறினாலும் பரவாயில்லை, ஆள் வரட்டும் என்று உட்கார்ந்திருப்பாள். கோலப்பன் தலையிலடித்துக்கொள்வார். ஆனால் அந்தக் கடையில் தரத்தைப் பற்றி இதுவரை ஒரு வாய்ச்சண்டை வந்ததில்லை என்றால் அதற்குக் காரணம் இந்தப் பிடிவாதம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தேழாவது வயதில், இரண்டாயிரத்துப் பத்தில், ஒரு சோதனை வந்தது. ஷீட்டில் வரவில்லை, குழந்தைகள் விளையாடுகிற ரப்பர் செங்கலில் வந்தது.

அவளுடைய அம்மை குளோரிக்கு அப்போது எண்பத்துநாலு. கண் தெளிவு, காது சுமார், நாக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். குளோரி இருபது வயதில் மிஷன் ஆசுபத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் வீட்டில் ஆயாவாக இருந்தவள். டாக்டரின் மகனுக்கு உலகப் போர் தொடங்குவதற்கு முந்தின வருடம் கப்பலில் ஒரு பெட்டி வந்தது. பெட்டி நிறைய ரப்பரில் செய்த குட்டிச் செங்கல்கள். ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். மேலே இரண்டு குமிழ், கீழே இரண்டு குழி. குமிழைக் குழியில் வைத்து அமுக்கினால் பற்றிக்கொள்ளும். சுவர் எழுப்பலாம், வீடு கட்டலாம். சிமெண்ட் வேண்டாம், கொத்தனார் வேண்டாம். நாற்பத்தாறில் டாக்டர் குடும்பம் ஊருக்குத் திரும்பியபோது டாக்டரின் மனைவி துரையம்மா அந்தப் பெட்டியைக் குளோரியின் கையில் கொடுத்து, உனக்கு ஒரு பிள்ளை பிறந்தால் விளையாடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பிறந்தது ஐம்பத்துமூன்றில். அதுதான் ஜெயபாய்.

குளோரி பிறகு அதே ஆசுபத்திரியில் குழந்தைகள் வார்டில் ஆயா ஆனாள். ஐம்பத்தேழில் லண்டனிலிருந்து யாரோ புண்ணியவான் வார்டுப் பிள்ளைகளுக்கென்று ஒரு பெட்டி அனுப்பினார். அதுவும் ரப்பர் செங்கல். அதே கம்பெனி, அதே அளவு. பண்டகப் பதிவேட்டில் "ரப்பர் செங்கல், ஒரு பெட்டி, புதியது" என்று ஏறியது. அறுபத்தொன்றில் அந்தப் பெட்டி காணாமல் போனது. அலமாரிக்கு அடியில் உருண்டுகிடந்த ஒரே ஒரு கட்டை மட்டும் மிச்சம்.

ஆசுபத்திரிக் கணக்கரும் சபைச் செயலாளருமான யோவான் தேடிக்கொண்டு வந்தார். வந்தவர் கண்ணில், எட்டு வயது ஜெயபாய் முற்றத்தில் உட்கார்ந்து, பல வருடமாக விளையாடி மண்ணும் கரியும் ஏறிக் கறுத்துப்போன ரப்பர் செங்கலால் கோட்டை கட்டிக்கொண்டிருந்தது பட்டது. வேறென்ன வேண்டும்.

"இது துரையம்மா தந்தது. ஆசுபத்திரிச் சாமானுக்கு ரெம்ப முந்தினதாக்கும்" என்றாள் குளோரி.

"அதுக்கு என்ன சாட்சி?"

"கட்டயப் பாரும். பழசு."

"ரப்பர் கட்டைக்கு வயசு நெத்தியிலயா எழுதியிருக்கு?" என்றார் யோவான்.

எழுதியிருக்கவில்லைதான். குளோரி துரையம்மாவுக்குக் கடிதம் போட்டுப் பார்த்தாள். துரையம்மா இறந்து மூன்று வருடமாகிறது என்று பதில் வந்தது. குளோரியின் வேலை போயிற்று. அதோடு விட்டார்களா? வேலை போனது ஆசுபத்திரியோடு. சபை தன் பங்குக்கு ஒன்று செய்தது. ஆராதனை நடுவில் யோவான் எழுந்து, ஆயா குளோரி களவு காரணமாக நற்கருணையிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறாள், மனம் வருந்தி எழுதித் தந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்படுவாள் என்று வாசித்தார். ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். குளோரி எழுதவில்லை.

அன்று முதல், மாதத்தின் முதல் ஞாயிறு தோறும், அப்பமும் திராட்சரசமும் வாங்கச் சபையார் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது குளோரி மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். பெஞ்சிலிருப்பவர்கள் அவள் முழங்காலைத் தாண்டித்தான் போக வேண்டும், வர வேண்டும். "வேற சபைக்குப் போயேம் குளோரி, இந்த நாட்டுல சபைக்கா பஞ்சம்?" என்று சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. "களவு செய்தவ ஓடட்டு. எனக்க கோயிலு இது, நான் எதுக்கு ஓடணும்?" என்பாள். வீம்பு என்றது ஊர். நெருப்பில்லாமல் புகையுமா என்றது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று இரக்கப்பட்டவர்களும் அதை வீட்டுக்குள் வைத்துத்தான் சொன்னார்கள். நாற்பத்தொன்பது வருடம் இப்படி. ஜெயபாய் கல்யாணத்தன்று மாப்பிள்ளை ரசலையனும் பெண்ணும் பீடத்தண்டை முழங்காலிட்டு நற்கருணை வாங்கினார்கள், பெற்றவள் கடைசி பெஞ்சில் இருந்து பார்த்தாள்.

ஜெயபாய்க்கு இதில் பட்ட சூடு ஆறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் "கட்டைக்காரி". எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வயதில் கோலப்பன் கடைப் புகைப்புரையில் ஷீட் தொங்கவிடும் வேலைக்குச் சேர்ந்தவள், இரண்டு வருடத்தில் தரம் பார்க்கும் இடத்துக்கு வந்துவிட்டாள். அந்தக் கையையும் மூக்கையும் ஆண்டவர் எதற்காகக் கொடுத்தார் என்று அவள் யோசித்ததில்லை. கொடுத்தார், வைத்துப் பிழைத்தாள்.

அந்த வருடம் சபைக்குப் புதிதாக வந்தவர் போதகர் சத்தியராஜ். வீட்டுச் சந்திப்புக்கு வந்த இடத்தில், "அம்மா, நீங்க ஏன் நற்கருணைக்கு வரல்ல?" என்று ஒன்றும் தெரியாமல் கேட்டுவிட்டார். குளோரி கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துவைத்து முழுக் கதையையும் சொன்னாள். முடிவில், "எனக்குச் சாவதுக்கு முந்தி அந்த அப்பம் வேணும் ஐயா. மாப்பு எழுதித் தந்து வாங்க மாட்டேன். நீரு கட்டயப் பாத்துட்டுச் சொல்லும்" என்றாள். போதகர் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு என்ன தெரியும். சபைச் செயலாளர் எட்சன் சாரிடம் விசாரிக்கச் சொன்னார்.

இங்கேதான் வினை. எட்சன் சார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பொய் சொல்ல மாட்டார், ஒருதலைப்பட்சமாகப் பேச மாட்டார், ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட மாட்டார். அன்று அறிக்கை வாசித்த யோவானின் மகன் வேறு. நல்லவர் விசாரித்தால் நல்லபடி முடியும் என்று யார் சொன்னது?

அவர் முறையாகச் செய்தார். ஆசுபத்திரிப் பண்டக அறையில் சீட்டுக் கட்டி வைத்திருந்த அந்த மிச்சக் கட்டையை எழுத்து கொடுத்து வாங்கினார். நாகர்கோவிலில் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து, பழைய விளையாட்டுச் சாமான் சேகரிக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் எழுதியதைத் தேடி எடுத்து அச்சடித்துக்கொண்டார். பிறகு, கமிட்டி கூடுவதற்கு முன் தானே நேரில் சொல்வதுதான் மரியாதை என்று ஜெயபாய் வீட்டுக்கு வந்தார்.

"நான் வாசிக்கேன், நீ கேளு" என்று காகிதத்தைப் பிரித்தார். போருக்கு முன் அந்தக் கம்பெனி செய்த கட்டைகள் செங்கல் சிவப்பு. சாயத்தை ரப்பரோடு சேர்த்துப் பிசைந்தே அச்சில் வார்ப்பார்கள். போருக்குப் பிறகு அந்தச் சாயத்தை விட்டுவிட்டார்கள். அதன்பின் வந்த கட்டைகளெல்லாம் கருந்தவிட்டு நிறம். கட்டையின் வயதைக் காட்டும் அடையாளம் நிறம் ஒன்றுதான்.

வாசித்துவிட்டு ஆசுபத்திரிக் கட்டையை மேசைமேல் வைத்தார். கருந்தவிட்டு நிறம். பெட்டியிலிருந்து குளோரியின் கட்டை ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதுவும் கருந்தவிட்டு நிறம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அமுக்கினார். பற்றிக்கொண்டது.

"எனக்கு வேற ஒண்ணும் சொல்லதுக்கு இல்ல ஜெயபாயி" என்றார். குரலில் வெற்றியில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். "சனிக்கிழம மூணு மணிக்குக் கமிட்டி. இதத்தான் அங்கயும் வைப்பேன்."

அவர் போனபின் ஜெயபாய் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ரப்பரை அவளுக்குத் தெரியாதா? தவிட்டு நிறம்தான். பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவளுக்கு அம்மைமேல் ஒரு சந்தேகம் வந்தது. வந்ததும் பயந்துபோனாள். இருந்தாலும் கேட்டாள்.

"அம்மா, உள்ளதச் சொல்லணும். இது துரையம்மா தந்ததுதானா?"

குளோரி மகளை ஏறிட்டுப் பார்த்தாள். "நீயுமா?" என்றாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் இரவு கஞ்சிக்கும் எழுந்திருக்கவில்லை. ஜெயபாய் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தன் வாயைத் தானே சபித்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் ஒருவர் கொண்டுவந்த ஷீட்டைப் பார்த்துக் கோலப்பன் முகம் சுளித்தார். "என்ன ஓய், இது அடுப்புக்கரி மாதிரி இருக்கு? கழிச்சுப் போடு ஜெயபாயி."

"கொஞ்சம் பொறுங்க மொதலாளி. நாலு நாளுக்குப் பதிலா எட்டு நாளு புகையில கெடந்திருக்கும். பொறம் கறுத்தா உள்ளும் கறுக்கணும்னு உண்டுமா?" பழக்கத்தில் சொல்லிக்கொண்டே ஓரத்தை வெட்டினாள். வெட்டிய இடம் தேன் நிறத்தில் மினுங்கியது. நல்ல ஷீட்.

கத்தரி கையில் இருக்க ஜெயபாய் அப்படியே நின்றுவிட்டாள். கொண்டுவந்தவர் தரம் என்ன என்று இரண்டு தடவை கேட்டார். காதில் விழவில்லை.

எழுபத்திரண்டாம் வருடம். அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலம். களவுப் பழி வந்த நாளிலிருந்து குளோரி பெட்டியைப் பூட்டிவைத்திருந்தாள். பதினோரு வருடம் கழித்துத் திறந்தால் கட்டை முழுவதும் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணப் பூப்பு. பூப்புப் பிடித்த ரப்பரைக் கண்டால் ரப்பர்க்காரி என்ன செய்வாள்? அம்மை ஊரில் இல்லாத நேரம் பார்த்து, கெட்டிக்காரி மாதிரி, அத்தனையையும் கூடையில் அள்ளிக்கொண்டுபோய்ப் புகைப்புரையில் பரப்பினாள். நாலு நாள் போதாது என்று பத்து நாள் போட்டாள். பூப்பு போயிற்று. திரும்பி வந்த குளோரி கட்டைகளைப் பார்த்துவிட்டு மூன்று நாள் மகளிடம் பேசவில்லை. நன்மை செய்தவளிடம் ஏன் கோபம் என்று அன்றைக்கு ஜெயபாய்க்கு விளங்கவில்லை. பூப்புக்கு அடியில் என்ன நிறம் இருந்தது என்று அவள் கவனிக்கவே இல்லை. சின்ன வயதிலும் அவள் கண்டது அழுக்கேறிய கட்டையைத்தான். உலகத்தில் வேறெந்த ஊரிலும் ஒரு பெண் விளையாட்டுச் சாமானைப் புகைப்புரையில் தூக்கிப் போட்டிருக்க மாட்டாள். இங்கே யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

அம்மைக்கு இருந்த ஒரே சாட்சியின் முகத்தில் கரி பூசியது அவள்தான். ஆனால் கரி தோலில்தானே.

வீட்டுக்கு வந்து ரசலையனிடம் சொன்னாள். ரசலையன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், காரியக்காரர். "அப்படீன்னா இப்பமே ஒரு கட்டய அறுத்துப் பாப்போம் ஏட்டி. உள்ள செவப்பா இருந்தா கமிட்டிக்குப் போவோம். இல்லேன்னா வயித்துவலின்னு படுத்துக்கிடலாம்."

"செய்யாண்டாம்."

"எதுக்கு?"

"தெரிஞ்சுட்டுப் போயி அறுத்தா அது தரம் பாக்கது இல்ல, வித்த காட்டது. அவங்க கண்ணு முன்னாலதான் அறுப்பேன். எனக்கும் அப்பத்தான் தெரியணும்."

"உள்ளயும் தவிடா இருந்தா?"

ஜெயபாய் அம்மையின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "அம்மா, நேத்து கேட்டது தப்பு. ஒரு கட்டய அறுக்கட்டா?" அறுபத்துநாலு வருடமாக ஒரு கட்டை குறையாமல் வைத்திருந்த குளோரி, சுவரைப் பார்த்தபடியே, "ஒண்ணு எதுக்கு? அத்தனையும் அறு" என்றாள்.

சனிக்கிழமை சபை மண்டபத்தில் கமிட்டிக்காரர்கள் பன்னிரண்டு பேர். போதகர் ஜெபம் பண்ணி ஆரம்பித்தார். எட்சன் சார் பதிவேட்டை வாசித்தார், காகிதத்தை வாசித்தார், இரண்டு கட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கட்டைகள் கை மாறிப் போயின. இரண்டும் ஒன்றுதானே என்று தலைகள் அசைந்தன. குளோரி வரவில்லை. "நான் ஒரு தடவ அவங்க முன்னால நின்னாச்சு" என்று சொல்லிவிட்டாள்.

"ஜெயபாய், நீங்க எதாவது சொல்லணுமா?" என்றார் போதகர்.

ஜெயபாய் எழுந்தாள். கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் கத்தியையும் ஒரு செம்புத் தண்ணீரையும் மேசையில் வைத்தாள். "ஐயா, நான் பேச வரல்ல. தரம் பாக்க வந்தேன். இந்தக் கட்டைய நான்தான் எழுவத்திரண்டுல புகைப்புரையில போட்டேன். பூப்பு பிடிச்சிருந்துது. பத்து நாளு புகை. நீங்க பாக்குது ரப்பருக்க நெறம் இல்ல, விறகுக்க நெறம்."

கமிட்டியில் பாதிப்பேர் ரப்பர்க்காரர்கள். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மட்டும், "இது இப்பம் சொல்லிய கத" என்றார்.

"கதையா இல்லியான்னு கத்தி சொல்லட்டு."

கத்தியைத் தண்ணீரில் நனைத்தாள். காய்ந்த கத்தி ரப்பரைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தது வழுக்கிக்கொண்டு இறங்கும். அம்மையின் கட்டையை மேசையில் நிறுத்தி, இரண்டு குமிழுக்கும் நடுவே கத்தியை வைத்தாள். ஆண்டவரே, நான் பார்த்தது தப்பாக இருந்தால் அந்தக் கிழவி இந்தப் பழியோடு குழிக்குள் போவாள் என்று நினைத்தாள். அழுத்தினாள். தண்ணீர் விட்டாள், மறுபடி அழுத்தினாள். கட்டை இரண்டாகப் பிளந்து விழுந்தது.

ஓரத்தில் நகக்கனத்துக்குத் தவிட்டு நிறம். அதற்குள்ளே முழுக்கச் சிவப்பு. சூளையிலிருந்து அப்போது எடுத்த ஓடு மாதிரிச் சிவப்பு.

போதகர் ஒரு பாதியைக் கையிலெடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். கதை என்று சொன்னவர் எழுந்து வந்து நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தார்.

"மத்தக் கட்டையும் உள்ள செவப்பா இருந்தா?" என்று இன்னொருவர் இழுத்தார். கேள்வி நியாயமானது. ஆசுபத்திரிக் கட்டை உலகத்தில் ஒன்றே ஒன்று, எழுத்து கொடுத்து வாங்கியது. அதன்மேல் கத்தி வைக்க யாருக்கு அதிகாரம்? எல்லாரும் எட்சன் சாரைப் பார்த்தார்கள்.

எட்சன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். பிறகு அந்தக் கட்டையில் கட்டியிருந்த சீட்டை அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டையை ஜெயபாயிடம் நீட்டினார்.

"சாரே, அறுத்தா பெறகு ஒட்டாது."

"அறியும். ஆசுபத்திரிக்கு நான் பதில் சொல்லிக்கிடுவேன். நீ அறு."

இந்த முறை இரண்டு அழுத்தில் பிளந்தது. புறத்திலிருந்து நடுவரை ஒரே தவிடு. மருந்துக்கும் சிவப்பில்லை.

நாலு துண்டுகளும் மேசையில் கிடந்தன. எட்சன் சார் தன் காகிதத்தை எடுத்து, யாரும் கேட்காமலே, அந்த வரியை மறுபடி வாசித்தார்: சாயத்தை ரப்பரோடு சேர்த்துப் பிசைந்தே அச்சில் வார்ப்பார்கள். "ஆசுபத்திரிப் பெட்டி ஐம்பத்தேழுல புதுசா வந்தது, பதிவேடு சொல்லுது. அதுக்க கட்ட உள்ளும் பொறமும் தவிடு. குளோரியம்மைக்க கட்ட போருக்கு முந்தினது. நான் பொறத்தப் பாத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு தப்பு" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "எங்கப்பாவும் பொறத்தத்தான் பாத்தாரு."

ஜெயபாய் அப்போது உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. பன்னிரண்டு ஆண்களுக்கு நடுவில் ஏங்கி ஏங்கி அழுதாள். வெட்கப்படவில்லை. நாற்பத்தொன்பது வருடத்து அழுகை, அவசரப்படுத்த முடியுமா? போதகர் செம்பிலிருந்த மிச்சத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்.

ஆசுபத்திரிப் பெட்டி எங்கேதான் போயிற்று என்று கேட்காதீர்கள். தெரியாது. ரப்பர் கழிவு வாங்க வருகிறவர்கள் அந்தக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள் என்று ரசலையன் சொல்வார். யாரோ கழிவென்று நினைத்துக் கோணியில் போட்டிருக்கலாம். அவர் ஊகம்தான். ஊகத்தின்பேரில் இன்னொருவர் பெயரைக் கெடுக்க ஜெயபாய் சம்மதிக்க மாட்டாள்.

வீட்டுக்கு ஓடிவந்து செய்தி சொன்னபோது குளோரி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். சிவப்புப் பாதியை வாங்கிப் பார்த்தாள். "இந்த நெறந்தான்" என்றாள். அப்புறம், "கோயில்ல வச்சு வாசிச்சதுல்லா? கோயில்ல வச்சு வாசிக்கணும்" என்றாள். கீரையைத் தொடர்ந்து உருவினாள்.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்து வாசல்வரை ஆள். செய்தி பரவ இந்த ஊரில் பத்து நிமிடம் போதும், எட்டு நாள் கிடைத்தால் என்ன ஆகும்? ஒலிபெருக்கி முன்னால் எட்சன் சார் வந்து நின்றார். அறிவிப்பைத் தான்தான் வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டு வாங்கியிருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் இந்த இடத்தில் நின்று தன் தகப்பனார் யோவான் வாசித்த அறிக்கை தவறானது, குளோரி களவு செய்யவில்லை, சபை அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறது என்று வாசித்தார். காகிதத்தில் அவ்வளவுதான். அதற்குமேல், "நானும் கேக்கேன்" என்று சொல்லிவிட்டு, ஆண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

நற்கருணை நேரம் வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து குளோரி எழுந்தாள். ஜெயபாய் கைபிடிக்கப் போனாள், தட்டிவிட்டாள். அவள் எழுந்ததைப் பார்த்து மற்றவர்கள் எழவில்லை. யாரும் சொல்லிவைக்கவில்லை, தானாக அப்படி ஆயிற்று. முழுக் கோயிலும் உட்கார்ந்திருக்க, ஒருத்தி மட்டும் நடுவழியில் நடந்தாள். எண்பத்துநாலு வயது முழங்கால். பத்தடிக்கு ஒரு தடவை நின்றாள். போதகர் மனமிரங்கி அப்பத் தட்டோடு படியிறங்கி எதிரே வரத் தொடங்கினார்.

"அங்கயே நில்லும் ஐயா" என்றாள் குளோரி, கோயில் முழுக்கக் கேட்கும்படி. "நான் வந்துதான் வாங்குவேன்."

போதகர் திரும்பிப் போய் நின்றார். குளோரி வந்து சேர்ந்தாள். அப்பத்தை வாங்கினாள், ரசம் குடித்தாள். கடைசி பெஞ்சிலிருந்த ஜெயபாய் கண்ணைத் துடைக்க மறந்து அம்மையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் ஒரு நாளும் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று நினைத்தாள்.

குளோரி திரும்பினாள். கடைசி பெஞ்சுவரை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவு தூரம் நடக்க அவளுக்கு மனமில்லை. பக்கத்திலிருந்த முதல் பெஞ்சுக்கு வந்தாள். அது ஆண்கள் பக்கம், அங்கே பெண்கள் உட்காருகிற வழக்கம் இந்தக் கோயிலில் கிடையாது. எட்சன் சார் தலை குனிந்திருந்தார். குளோரி அவர் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் நீங்கி இரி மக்கா" என்றாள். "முட்டு வலிக்கு."

எட்சன் சார் நீங்கி இடம் விட்டார்.